சால்வியா மூன்று முறையும் செத்துவிட்டது: வெயிலா, தண்ணீரா?

வாசல்படி (சுங்கை சிப்புட்), ஜனவரி 11

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி சிறியது, கதைதான் கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்கப் பால்மரம் வெட்டியவர். முட்டிவலி வந்த பிறகு துரை பங்களாவில் பூச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலைக்கு மாற்றினார்கள். பங்களாவுக்குப் போகும் பாதையின் இரு பக்கமும் சிவப்பு சால்வியா நிற்கும். பிள்ளைகள் நாங்கள் அதற்குத் தீக்குச்சிப் பூ என்று பெயர் வைத்திருந்தோம். யாரும் பார்க்காத நேரத்தில் குழல் போன்ற பூவை உருவி, அடிநுனியை உறிஞ்சினால் ஒரு சொட்டுத் தேன் நாக்கில் படும். அதற்காகவே அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோக நான் முந்திக்கொள்வேன்.

தோட்டத்தைத் துண்டாடினார்கள், நாங்கள் இருந்த லயத்து வரிசை வீடுகளை இடித்தார்கள், நாங்களும் பட்டணத்துத் தாமானுக்கு, அதாவது வீடமைப்புக் குடியிருப்புக்கு வந்துவிட்டோம். மூலை வீடு. வாசலுக்கு முன்னால் இருபதடி நீளத்துக்கு மண் இருக்கிறது. காலை பத்து மணியிலிருந்து மாலை ஆறு வரை வெயில் நேராக அடிக்கும். அந்த வரிசையை ஒருமுறையாவது என் வாசலில் பார்த்துவிட வேண்டும் என்று மூன்று முறை சிவப்பு சால்வியா வாங்கி நட்டேன். மூன்று முறையும் ஐந்தாறு வாரத்தில் போய்விட்டது. கீழ் இலை மஞ்சளாகும், உச்சி வெயிலில் தலை தொங்கும், மாலையில் நிமிராது. தரையை ஒட்டிய தண்டு கறுத்துவிடும். காலை மாலை இரு வேளையும் தண்ணீர் ஊற்றுகிறேன். இதற்குமேல் என்ன செய்ய?

இன்னொன்று. நீலப் பூ சால்வியாவும் நான்கு வாங்கினேன். அது உயிரோடு இருக்கிறது, ஆனால் பூந்தண்டு முழுக்க வெள்ளையாக மாவுப்பூச்சி. சோப்புத் தண்ணீர் அடித்துத் தேய்த்துக் கழுவினேன். பூச்சி போய்விட்டது, பூவின் களையும் போய்விட்டது.

---

ரோஜாப்பித்தன் (கூலிம்), ஜனவரி 11

உச்சி வெயிலில் தொங்குகிறது என்றால் தண்ணீர் போதவில்லை. மூன்று வேளை ஊற்றுங்கள் அக்கா.

---

மண்வெட்டி (பத்து காஜா), ஜனவரி 11

தம்பி ரோஜாப்பித்தன் மன்னிக்க வேண்டும். அந்த யோசனையைக் கேட்டால் நான்காவது முறையும் சாகும்.

மண் ஈரமாக இருக்கும்போதே செடி வாடினால் வேர் வேலை செய்யவில்லை என்று பொருள். தண்ணீர் பக்கத்திலேயே இருக்கிறது, குடிக்க வாய் இல்லை. வாசல்படி அம்மா, செத்த செடி ஒன்றாவது குப்பைக்குப் போகாமல் இருந்தால் பிடுங்கி வேரைக் கழுவுங்கள். இரண்டு விரலால் ஒரு வேரைப் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். மேல்தோல் உறை போலக் கழன்று கையோடு வந்து, உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் மிஞ்சினால் அது வேரழுகல். நல்ல வேர் வெள்ளையாக இருக்கும், இழுத்தால் அறுபடும், உரியாது.

அடுத்தது மண்ணைச் சோதிப்பது. செடி நட்ட இடத்தில் ஓரடி ஆழம் தோண்டுங்கள். தண்ணீரை நிரப்பி வடிய விடுங்கள். மறுபடி நிரப்பிக் கடிகாரத்தைப் பாருங்கள். மூன்று நான்கு மணி நேரத்தில் இறங்கிவிட்டால் பிரச்சினை வேறு எங்கோ இருக்கிறது. இறங்காமல் நின்றால் என்ன மருந்து அடித்தும் பயனில்லை.

என்னுடையது இதற்கு நேர்மாறான தொல்லை. பழைய ஈயக்குட்டைப் பக்கத்து மணல் மண். ஊற்றிய தண்ணீர் சல்லடையில் ஊற்றியது போல் இறங்கிவிடும், உரமும் சேர்ந்து போய்விடும். ஆனால் இதுவரை ஒரு சால்வியா கூட அழுகிச் செத்ததில்லை.

---

நுண்ணோக்கி (ஈப்போ), ஜனவரி 12

சகோதரி, உங்கள் நீல சால்வியாவில் இருந்தது பூச்சியே இல்லை! பாவம், அதன் முகப்பவுடரைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டீர்கள்.

நீங்கள் வாங்கியது சால்வியா ஃபாரினேசியா. ஃபாரினா என்றால் லத்தீனில் மாவு. பூந்தண்டிலும் பூவைத் தாங்கும் கிண்ணமான புல்லிவட்டத்திலும் வெள்ளை நுண்மயிர் அடர்ந்து மாவு தூவியது போல் தெரிவதால்தான் அந்தப் பெயர். நான் உயிரியல் பாடம் நடத்திய காலத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடி கொடுத்து மாணவர்களைப் பார்க்கச் சொல்வேன். பூச்சி என்று கத்துகிற பிள்ளை வகுப்புக்கு ஒன்று நிச்சயம் இருக்கும். வேறுபாடு எளிது. மாவுப்பூச்சி இலைக்காம்பின் கக்கத்தில் பஞ்சு போல் கட்டி கட்டியாக ஒட்டியிருக்கும், ஈர்க்குச்சியால் தள்ளினால் நகரும், எறும்பு வந்து போகும். இந்த மாவு பூங்கொத்து முழுவதும் ஒரே சீராகப் படர்ந்திருக்கும், எறும்பு எட்டிப் பார்க்காது.

சிவப்பிலும் இரண்டு உண்டு, அதைப் பிரித்துப் பார்த்தால் உங்கள் சிக்கல் பாதி தெளியும். பங்களாப் பாதையில் நீங்கள் பார்த்தது பெரும்பாலும் ஸ்ப்ளென்டன்ஸ். அதில் பூக்குழல் மட்டுமல்ல, அதைத் தாங்கும் புல்லிவட்டமும் சிவப்பு. குழல் இரண்டு நாளில் உதிர்ந்த பிறகும் கிண்ணம் சிவப்பாகவே நிற்பதால்தான் வாரக்கணக்கில் எரிவது போல் தெரியும். மற்றது காக்சீனியா. அதில் கிண்ணம் பச்சை அல்லது மங்கிய ஊதா, குழல் மட்டும் சிவப்பு. பார்வைக்குக் கொஞ்சம் இளைத்தது, உயிருக்கோ கெட்டி.

ஸ்ப்ளென்டன்ஸ் பிரேசிலின் ஈரமான மலைக்காட்டுச் செடி. நாள் முழுக்கச் சுள்ளென்ற வெயில் அதற்குப் பழக்கமில்லை. ஃபாரினேசியாவின் பிறந்தகம் டெக்சஸ், மெக்சிகோ பக்கத்துக் காய்ந்த புல்வெளி. வெயிலுக்கு அஞ்சாது, தேங்கும் தண்ணீருக்கு அஞ்சும். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊரில் இருவருக்கும் ஒரே வரிசையில் ஒரே பந்தி வைத்தால் எப்படி?

---

ரோஜாப்பித்தன் (கூலிம்), ஜனவரி 12

சரி, மூன்று வேளையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் என் கேள்விக்கும் யாராவது பதில் சொல்லுங்கள். சென்ற ஆண்டு இணையத்தில் நெமரோசா என்ற சால்வியாவின் விதை வாங்கினேன். படத்தில் கறுத்த தண்டில் ஊதாக் கதிர் வேல் பிடித்தது போல் வரிசை வரிசையாக நின்றது. முளைத்தது, தரையோடு படர்ந்தது, எட்டு மாதம் முட்டைக்கோஸ் குஞ்சு போல் உட்கார்ந்திருந்தது, அப்படியே அழிந்தது. ஒரு பூ இல்லை. விதை ஏமாற்றா?

---

பனிக்குல்லா (தானா ராத்தா), ஜனவரி 13

விதை ஏமாற்று இல்லை தம்பி, ஊர்தான் ஒத்துவரவில்லை. நெமரோசா ஐரோப்பாவிலும் மேற்கு ஆசியாவிலும் வளர்வது. அங்கே குளிர்காலம் வந்து செடி உறங்கி எழுந்தால்தான் கதிர் தள்ளும். கூலிமில் அதற்கு உறக்கம் எங்கே? இரவிலும் நமக்கே வியர்க்கிறது.

எங்கள் கேமரன் மலை மேட்டிலும் அது சரிப்படவில்லை. இங்கே நன்றாக வருவது லுகாந்தா என்ற சால்வியா. வெல்வெட் துணியால் தைத்தது போல ஊதாக் கிண்ணம், அதிலிருந்து வெள்ளைப் பூ எட்டிப் பார்க்கும். என் வேலியோரத்தில் ஆளுயரத்துக்கு நிற்கிறது. ஆனால் அது பகல் குறுகும்போது பூக்கும் சாதி. நம் மலேசியாவில் ஆண்டு முழுக்கப் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம்தான் என்பதால் அதற்கும் குழப்பம், நினைத்தபோது பூக்கிறது. தெரு விளக்கின் பக்கம் சாய்ந்த கிளையில் மட்டும் பூ குறைவு. அந்தக் கிளைக்கு இரவே வருவதில்லை என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

சமையல் சேஜ் என்னும் சால்வியா அஃபிசினாலிஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன், யாராவது கேட்பதற்கு முன்னால். கீழே சமவெளியில் தரையில் நடாதீர்கள். மழை விழாத தாழ்வாரத்தில் மண்தொட்டியில் வைத்தால் இலை பறிக்கலாம். பூவை மறந்துவிடுங்கள்.

---

வாசல்படி (சுங்கை சிப்புட்), ஜனவரி 17

தோண்டினேன். தோண்டிய பிறகு இரண்டு நாள் யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை.

மேலே அரையடிக்கு நல்ல சிவப்பு மண். அதன் கீழே உடைந்த செங்கல், ஓட்டுத்துண்டு, உள்ளேயே இறுகிப்போன ஒரு முழு சிமெண்டு மூட்டை. அதற்கும் கீழே பிசைந்த மாவு போல மஞ்சள் களிமண். வீடு கட்டியவர்கள் மிச்சம் மீதியை வாரிப் போட்டு, மேலே மண் தூவிப் புல் பதித்து எங்கள் கையில் சாவியைக் கொடுத்திருக்கிறார்கள். பதினொரு ஆண்டாக அந்தப் புல்லைப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

காலை ஒன்பது மணிக்குக் குழியில் ஊற்றிய தண்ணீர் மாலை விளக்கு வைக்கும்போதும் பாதி நின்றது. அதில் ஒரு தவளை வந்து உட்கார்ந்துவிட்டது. மண்வெட்டி ஐயா சொன்னபடி வேரையும் இழுத்துப் பார்த்தேன். பழைய மின்கம்பியின் உறையை உருவியது போல் தோல் கையோடு வந்துவிட்டது.

ஆக, வெயில்மேல் போட்ட பழி தவறு. வாளியில் நடவு செய்து காலை மாலை நிரப்பிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

---

மண்வெட்டி (பத்து காஜா), ஜனவரி 17

மனம் தளராதீர்கள். தெரியாமல் இருந்ததுதான் கஷ்டம், இனி வேலைதான்.

கைக்கு எட்டிய இடிபாட்டை எடுத்துவிடுங்கள், களிமண்ணோடு மல்லுக்கட்ட வேண்டாம். மணல் கலந்தால் களி இளகும் என்று சிலர் நான்கு வாளி மணலைக் கொட்டுவார்கள். கொஞ்ச மணலும் நிறையக் களியும் சேர்ந்தால் செங்கல்தான் கிடைக்கும். கீழே இறங்க முடியாவிட்டால் மேலே ஏறுங்கள். செங்கல்லை ஓரடி உயரம் அடுக்கி மேட்டுப் பாத்தி கட்டுங்கள். முன்பக்கக் கல் வரிசையில் மூன்றடிக்கு ஓர் இடைவெளி விட்டு, தண்ணீர் சாலையோரக் கால்வாய்க்கு வழிய வழி வையுங்கள். இந்த வழியை மறந்தால் பாத்தி கட்டியது இன்னொரு தொட்டி கட்டியது போல ஆகிவிடும்.

நான் போடும் கலவை: மேல்மண் மூன்று வாளி, பருமணல் இரண்டு, கரித்த உமி ஒன்று, நன்றாக மட்கிய எரு ஒன்று. உமி நெல் ஆலைகளில் மலிவாகக் கிடைக்கும். நாற்றுப்பண்ணைகளில் விற்கும் சுட்ட மண் இருந்தால் மேல்மண்ணுக்குப் பதில் அதையே போடலாம். களை விதை வெந்துபோயிருக்கும். கூடவே டோலமைட் சுண்ணாம்பு இரண்டு கைப்பிடி. நம் மண் புளிப்பு.

---

செம்பனைவாசி (பீடோர்), ஜனவரி 18

எருவுக்கு ஏன் காசு? செம்பனை (எண்ணெய்ப்பனை) ஆலையில் பழம் உதிர்த்த வெறுங்குலை மலை போல் கிடக்கிறது. நான் ஒரு லோரி இறக்கி எல்லாப் பாத்தியிலும் கலந்துவிட்டேன்.

---

மண்வெட்டி (பத்து காஜா), ஜனவரி 18

செம்பனைக்கு அது அமுதம். சால்வியாவின் வேருக்குள் கலப்பதை நான் ஒப்பமாட்டேன். குலையின் நார் தண்ணீரைப் பஞ்சு போல் பிடித்துவைக்கும், பாதி மட்கிய நிலையில் மண்ணிலுள்ள தழைச்சத்தையும் தின்றுவிடும். மேலே மெல்லியதாகப் பரப்பி மூடாக்காகப் போடலாம். அதுவும் தண்டைத் தொடாமல் நான்கு விரல் தள்ளி.

---

செம்பனைவாசி (பீடோர்), ஜனவரி 18

என் சாமந்தி நன்றாகத்தான் இருக்கிறது.

---

மண்வெட்டி (பத்து காஜா), ஜனவரி 18

சாமந்தி கேட்டவர் யார்?

---

நுண்ணோக்கி (ஈப்போ), ஜனவரி 18

இருவரும் தண்ணீர் குடியுங்கள்.

சுண்ணாம்பு பற்றி ஒரு சொல். சிமெண்டு மூட்டை புதைந்த இடம் அது. சிமெண்டே சுண்ணாம்பு வழிவந்தது, அதைச் சுற்றிய மண் ஏற்கெனவே காரமாகியிருக்கலாம். காரம் மிகுந்தால் இரும்புச்சத்து வேருக்கு ஏறாது, குருத்திலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். வேரழுகலில் முதலில் மஞ்சளாவது கீழ் இலை. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். டோலமைட்டைத் தூவுவதற்கு முன், புளிப்பா காரமா என்று எண்ணில் காட்டும் pH சோதனைத் தாள் வாங்கி இரண்டு மூன்று இடத்தில் பாருங்கள். சால்வியாவுக்கு 6க்கும் 7க்கும் இடையில் இருந்தால் நல்லது.

---

வாசல்படி (சுங்கை சிப்புட்), ஜனவரி 24

பார்த்தேன். சிமெண்டு கிடந்த மூலையில் 8ஐ ஒட்டி, மறு கோடியில் 5. இருபதடிக்குள் இரண்டு நாடு! அந்த மூலை மண்ணை வெட்டி எறிந்துவிட்டு, மற்ற பக்கத்துக்கு மட்டும் சுண்ணாம்பு போட்டேன். பாத்தி கட்டியாகிவிட்டது. பேரன் கல் அடுக்கினான். வரிசை கொஞ்சம் கோணல், சொல்லவில்லை.

உரம் எவ்வளவு போடுவது? செம்பனைக்குப் போடும் நீல உரம் (பையில் சத்து விகிதம் 12:12:17:2 என்று போட்டிருக்கிறது) வீட்டில் ஒரு பை இருக்கிறது.

---

மண்வெட்டி (பத்து காஜா), ஜனவரி 24

அதுவே போதும், கை மட்டும் அடங்க வேண்டும். செடிக்கு ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, மாதம் ஒருமுறை. யூரியா பக்கமே போகாதீர்கள். இலை வாழை போல் வளர்ந்து முதல் மழையில் படுத்துவிடும். செடிக்குச் செடி ஓரடி இடைவெளி. காற்று புகாவிட்டால் மழைக்காலத்தில் இலையடியில் பூசணம் பிடிக்கும். தண்ணீர் காலையில் மட்டும், அதுவும் விரலை இரண்டு கணு வரை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால்.

கத்தரிக்கோலுக்குப் பயப்படாதீர்கள். கதிரில் முக்கால்வாசிப் பூ உதிர்ந்ததும், கீழே இரண்டு இலைக்கக்கத்தில் குருத்து தெரியும் கணுவுக்கு மேல் வெட்டுங்கள். ஒன்று இரண்டாகும். பூ இருக்கிறதே என்று பாவம் பார்த்தால் செடி குச்சியாக நீண்டு, அடிமரம் முற்றி, ஒரே ஆண்டில் கிழடாகிவிடும்.

---

ரோஜாப்பித்தன் (கூலிம்), ஜனவரி 26

இன்னொரு ஏமாற்றம் சொல்லவா? நேற்று ஒரு நாற்றுக்கடையில் வெள்ளி சேஜ் என்று 15 ரிங்கிட்டுக்கு ஒரு தொட்டி வாங்கினேன். இலை சாம்பல் நிறம், பூ இளஊதா.

---

நுண்ணோக்கி (ஈப்போ), ஜனவரி 26

தண்டை உருட்டிப் பாருங்கள். சால்வியா என்றால் துளசி, புதினா குடும்பம். இளந்தண்டு நான்கு மூலையாகக் கையில் தட்டுப்படும், இலை இரண்டிரண்டாக எதிரெதிரே இருக்கும். உங்களுடையது உருண்டையாக இருந்தால் அது லியூகோஃபில்லம். டெக்சஸ் சேஜ் என்றே அழைத்தாலும் சேஜ் குடும்பமே இல்லை. அழகான புதர்தான், மழைக்கு முன்பின் காற்று ஈரமானால் ஒரேயடியாகப் பூக்கும். வைத்துக்கொள்ளுங்கள், மேட்டில் நடுங்கள்.

பெயர் விஷயத்தில் கடைக்காரரையும் குறை சொல்ல முடியாது. ரோஸ்மேரியையே 2017இல் ஆய்வாளர்கள் சால்வியா இனத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். சியா விதை ஒரு சால்வியா. சீன மருந்துக்கடையில் சிவந்த வேராக விற்கும் டான்சென்னும் ஒரு சால்வியா.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது பூவுக்குள் இருக்கும் ஏற்றம். நீலப் பூ ஒன்றைப் பறித்து, கூர் சீவிய ஈர்க்குச்சியைக் குழலின் வாய்க்குள் மெல்ல நுழையுங்கள். உள்ளே ஒரு தடுப்பில் குச்சி முட்டும். இன்னும் கொஞ்சம் தள்ளினால் மேல் இதழுக்குள் ஒளிந்திருக்கும் மகரந்தப்பை ஏற்றமரம் சாய்வது போல் இறங்கிக் குச்சியின் முதுகில் மஞ்சள் பொடியைத் தட்டும். குச்சியை எடுத்தால் தன்னிடத்துக்குப் போய்விடும். தேனீக்குத் தன் முதுகில் யாரோ பொட்டு வைத்தது தெரியாது. ஷ்ப்ரெங்கல் என்ற ஜெர்மானியர் 1793இலேயே இதை எழுதிவைத்திருக்கிறார். எல்லா சால்வியாவிலும் இது ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. பறவைக்கென்று சிவந்த வகைகள் பலவற்றில் ஏற்றம் அசையாது.

---

வாசல்படி (சுங்கை சிப்புட்), ஜூன் 14

நாளாகிவிட்டது. ஏப்ரல், மே மழை முடியட்டும், அதற்குமுன் வாய் திறக்கக்கூடாது என்று காத்திருந்தேன்.

சிவப்பு ஸ்ப்ளென்டன்ஸ் பன்னிரண்டு நட்டேன், ஏழு நிற்கின்றன. பிழைத்த ஏழும் பக்கத்து வீட்டு மாமரத்தின் நிழல் மூன்று மணிக்குமேல் விழும் பக்கம். நீலம் பத்தில் ஒன்பது. போன ஒன்று ஆப்பிரிக்க நத்தைக்கு இரையானது. இரவு டார்ச் அடித்துப் பொறுக்குகிறேன், ஒரு வாளி நிறைகிறது. நீலத்தின் மாவை இப்போது யாரும் தொடுவதில்லை.

காக்சீனியாவை விதை போட்டு எழுப்பினேன். மேலே மண் மூடாமல் தூவி அழுத்திவிட்டுத் தண்ணீர் தெளித்ததும் ஒவ்வொரு விதையும் சப்ஜா விதை போல் வழுவழுவென்று கூழ் கட்டிக்கொண்டது. கெட்டுவிட்டதோ என்று பயந்தேன். பன்னிரண்டாம் நாள் முளை. இப்போது கணக்கில்லை. பாத்தியில், கல் இடுக்கில், கால்வாய்ச் சிமெண்டு வெடிப்பில், பக்கத்து வீட்டுத் தபால்பெட்டிக்குக் கீழே. நான் நட விரும்பியது ஸ்ப்ளென்டன்ஸ், வாசலை எடுத்துக்கொண்டது இது.

தேன்சிட்டு ஒன்று தினமும் ஏழரைக்கு வருகிறது. மஞ்சள் வயிறு, கழுத்தில் கருநீலம். முன்வாசல் வழியாக நுழைவதே இல்லை. குழலின் அடியில் அலகால் கீறித் தேனை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறது. உதிர்ந்த பூவை எடுத்துப் பார்த்தால் அடியில் ஊசி போட்டது போல் ஒரு கோடு இருக்கிறது. ஆசிரியர் ஐயா சொன்ன பொட்டு வைக்கும் வேலையெல்லாம் இதனிடம் நடக்காது. நாங்கள் சின்ன வயதில் செய்ததும் இதே திருட்டு என்பதால் விரட்டவில்லை.

---

நுண்ணோக்கி (ஈப்போ), ஜூன் 14

அமெரிக்கக் கண்டங்களில் அந்தப் பூவுக்கென்று பறந்தபடியே தேன் குடிக்கும் ரீங்காரச்சிட்டுகள் உண்டு. நம் ஊருக்கு அவை வருவதில்லை. தேன்சிட்டுக்கு உட்கார ஒரு கிளை வேண்டும், கீறுவது அதற்குச் சுலபம். விதைக்குக் கவலை வேண்டாம், காக்சீனியா தன் மகரந்தத்திலேயே காய்த்துவிடும். ஒவ்வொரு கிண்ணத்துக்குள்ளும் நான்கு விதைமணி இருக்கும், கவனித்தீர்களா?

---

வாசல்படி (சுங்கை சிப்புட்), ஜூன் 14

பேரன் எண்ணிவிட்டான். நான்கு.

---

செம்பனைவாசி (பீடோர்), ஜூன் 15

அக்கா, வெறுங்குலை போட்ட பாத்தியில் என் சால்வியா நான்கும் போய்விட்டது. மண்வெட்டி அண்ணன் இதைப் படிக்காமல் இருந்தால் நல்லது. விதை கொஞ்சம் கிடைக்குமா?

---

மண்வெட்டி (பத்து காஜா), ஜூன் 15

படித்துவிட்டேன்.

---

வாசல்படி (சுங்கை சிப்புட்), ஜூன் 15

தம்பி, காய்ந்த கிண்ணங்களைக் கதிரோடு வெட்டிக் காகிதப் பையில் தலைகீழாகத் தொங்கவிட்டிருக்கிறேன். தட்டினால் கொட்டும். கோலகங்சார் பக்கம் வரும் நாள் இருந்தால் எழுதுங்கள், ஒரு பிடி கட்டிவைக்கிறேன். ஆனால் பாத்தியை முதலில் ஓரடி உயர்த்திவிட்டு வாருங்கள்.